விளிம்பில் இருந்த பெயர்

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் கொள்ளுத் தாத்தாவின் இரண்டு பதக்கங்களையும் தேய்ப்பது என் வேலை. வெள்ளிக்குத் திருநீறு, வெண்கலத்துக்குப் புளி. மறுநாள் அரிவாள், கொழு, படி எல்லாவற்றோடும் அவையும் சந்தனப்பொட்டு வைத்துக்கொண்டு மணையில் உட்காரும். "பளபளன்னு இருந்தாத்தான்டா அவருக்கு மரியாதை, அழுத்தித் தேய்" என்பார் ஆயா. அழுத்தித்தான் தேய்த்தேன், பத்துப் பன்னிரண்டு வருஷம்.

கொள்ளுத் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையோடு மெசபடோமியாவுக்குப் போனவர். முதல் உலகப் போர் முடிந்தபின் அவருக்கு வந்தவை இவை: ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த பிரிட்டிஷ் வார் மெடல், சிறகு விரித்த பெண் நிற்கும் விக்டரி மெடல். லட்சக்கணக்கில் அடித்த பதக்கங்கள்தான். ராஜா முகம் எல்லாருடையதிலும் ஒன்றே. ஆனால் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படை ஆகியவற்றைச் சின்ன எழுத்தில் பதித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரிதான் அவருக்கென்று இருந்தது.

இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளிப் பதக்கத்தில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் படைப் பெயரின் சுருக்கமும் தெரிகின்றன. நடுவே வழவழப்பு. வெண்கலத்தில் அதுவும் இல்லை.

நாங்கள் அழுக்கு என்று நினைத்த கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம். அதைத் தேய்க்கிறபோது வெள்ளியும் கூடவே போகிறது. கந்தகத்தை ஊட்டி வளர்த்ததும் நாங்களே. மரப்பெட்டி, உள்ளே கம்பளித் துணி, மேலே ரப்பர் பேண்டு. கம்பளியிலும் ரப்பரிலும் கந்தகம் உண்டு. மரம் அமில ஆவியை விடும். பிறகு, நாகரிகம் என்று நினைத்து, பி.வி.சி. உறை போட்ட ஆல்பத்தில் செருகினேன். சில வருஷத்தில் வெண்கலத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுத்தது. அந்த உறையை உரித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது ஒவ்வொன்றும் அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, பாலியெஸ்டர் உறையில் தனித்தனியாக இருக்கிறது. ஒன்றோடொன்று உரசக் கூடாது. பட்டு ரிப்பனை மடிக்கவில்லை. ஆரஞ்சு நிறம் ஏற்கெனவே ஜன்னல் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. இருந்தாலும் புது ரிப்பன் மாற்ற மனம் ஒப்பவில்லை, அவர் சட்டையில் குத்தியது இதுதானே. எல்லாம் இறுக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பீரோவின் நடுத்தட்டில். பரணில் சூடு அதிகம். ஐப்பசி மழையில் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. கை வியர்வை உப்பு உலோகத்தைத் தின்னும் என்பதால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடுவதில்லை. தேய்ப்பது அறவே இல்லை. கறுத்தால் கறுக்கட்டும்.

போன ஆயுத பூஜைக்குச் சந்தனப்பொட்டு டப்பாவின் மூடிக்குத்தான். அதற்கு முன் பேத்தி கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, விளிம்பை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா, இங்க ஒரு 'எம்' மாதிரி இருக்கு."

அவர் பெயர் முனுசாமி.