பம்ப் சரியில்லை தம்பி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் ஒருவர் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், பாவம், வண்டி மக்கர் என்று தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், அது தரிசனம். இடது கையில் டார்ச். வலது கையில் வீட்டம்மாவின் பவுடர் டப்பாவிலிருந்து எடுத்த குட்டிக் கண்ணாடி. கண்ணாடியை வாட்டர் பம்புக்கு அடியில் நீட்டி, டார்ச்சை அதன்மேல் அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். ஒரு சொட்டு விழும்.

"பாத்தியா தம்பி? பம்ப் சரியில்லை."

அந்த முகத்தில் வருத்தம் இருக்கவேண்டும் அல்லவா? இருக்காது. சொன்ன பலன் சொன்ன தேதியில் பலித்துவிட்ட ஜோசியரின் முகம் அது.

பழைய கார் வைத்திருப்பவர்களில் பல வகை உண்டு. கவர் போட்டு மூடி வைத்து, வருஷத்துக்கு ஒரு நாள் அணிவகுப்புக்கு எடுத்து வருகிறவர் ஒரு வகை. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறவர் இன்னொரு வகை. நம்மவர் இதில் எதிலும் சேரமாட்டார். தினமும் ஓட்டுகிறவர். கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 கிளம்பும். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது, துக்கம் கேட்க யாராவது வருவார்கள் என்று இரண்டு நாள் வராண்டாவில் கூடுதலாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்பாசடர்தான் என்றில்லை. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர், இந்த மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கட்டிக்கொண்டு அழுபவர் எல்லோரும் இவருக்குப் பங்காளிகள். பானெட்தான் வேறு, வியாதி ஒன்று.

இரண்டு வருஷத்தில் நாலு வாட்டர் பம்ப் மாற்றினார். கழற்றிய பம்ப் எதையும் எடைக்குப் போடவில்லை. மொட்டைமாடிப் படிக்குக் கீழே பலகை போட்டு வரிசையாக வைத்திருக்கிறார். கொலு மாதிரி. சுண்டல் ஒன்றுதான் பாக்கி.

"இது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல வாங்கினது. ஏழு மாசம். இது புதுப்பேட்டைல பழசு வாங்கி கிட் போட்டது. மூணு மாசம். இது ஒரிஜினல்னு சொல்லிக் கொடுத்தான், அஞ்சு மாசம். இது..." நாலாவதை எடுக்கும்போது குரல் தழுதழுத்தது. "இது நாப்பத்தொரு நாள்."

ஒரு மண்டல விரதம் முடித்துவிட்டுத்தான் அது கண்ணை மூடியிருக்கிறது.

கையில் வாங்கிப் பார்த்தேன். பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் இறக்கை, மறுமுனையில் புல்லியும் ஃபேனும். நடுவே தண்டைத் தாங்கப் பேரிங். தண்ணீர் பேரிங் பக்கம் போகாமல் தடுக்க ஒரு சீல். அந்த சீலில்தான் விஷயமே. சுழலும் முகம் ஒன்று, அசையாமல் நிற்கும் முகம் ஒன்று. பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றது பீங்கான் மாதிரி ஒரு வளையம். இரண்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு உரசும். நடுவில் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு ஏடு தண்ணீர் நிற்கும். அந்த ஏடுதான் அதற்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. அது வறண்டாலோ, அதில் மண் கலந்தாலோ சீல் செத்தது.

சரி, நம்மவர் அந்த ஏட்டுக்கு என்ன தண்ணீர் கொடுக்கிறார்? எங்கள் தெரு போர் தண்ணீர். பக்கெட் ஒரு மாதத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும். குழாயைத் தட்டினால் உப்பு உதிரும். வீட்டில் அவர் குடிப்பது கேன் தண்ணீர், ரேடியேட்டர் குடிப்பது போர் தண்ணீர். அவர் வீட்டம்மா ஒருநாள் சமையலறை ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அந்தத் தண்ணியில பருப்பே வேகாது. இவர் இன்ஜின் மட்டும் எப்படித்தான் வேகுதோ!"

கூலன்ட் ஊற்றலாமே என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது காஷ்மீர்காரனுக்கு, தம்பி. தண்ணி உறைஞ்சிடக் கூடாதுன்னு ஊத்தறது. மீனம்பாக்கத்துல என்னிக்கு உறைஞ்சிருக்கு?" உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். துருப் பிடிக்காமல் காப்பது, சீலுக்கு வழுவழுப்புக் கொடுப்பது, கொதிநிலையை ஏற்றுவது எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் காஷ்மீருக்கு வண்டியிலேயே போய்வந்த தன் மைத்துனர் கதையில் பாதி தூரம் போய்விட்டார்.

ரேடியேட்டர் தண்ணீர் டிகிரி காபி நிறத்தில் இருக்கும். எல்லாம் துரு. அந்தத் துருத்தூள்தான் பம்புக்குள் சுற்றிச் சுற்றி வந்து சீலைத் தேய்க்கிறது. கழுவிவிட்டால் என்ன? "கழுவினா ஓட்டை தெரிஞ்சிடும் தம்பி. அந்த அழுக்குதான் அடைச்சிட்டு நிக்குது." இதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அப்படியும் கசிந்தபோது யாரோ சொன்னார்கள் என்று ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டார். நிஜமாகவே பழைய டிரைவர்களின் கைவைத்தியம்தான் அது. ஊர் போய்ச் சேர உதவும். நம்மவர் ஊர் வந்து சேர்ந்த பிறகும் எடுக்கவில்லை. அந்த வருஷம் இன்ஜினுக்குள் ஓடியது தண்ணீரா ரசமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பம்பின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டுவதற்காகவே வைத்த ஓட்டை. புது பம்ப் சீல் பதமாகும்வரை ஓரிரு சொட்டு அதன் வழியே விடுவதுண்டு; பிறகு தானே நின்றுவிடும். கண்ணாடியும் டார்ச்சுமாக நிற்பவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? மூன்றாவது பம்ப் சொட்டியபோது அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தார். சொட்டு நின்றது. தெருவுக்கே காபி. வெளியே போக வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போய், கிரீஸைக் கழுவி, இருபதாவது நாள் பானெட்டுக்கு அடியிலிருந்து கிரைண்டரில் கல் அரைபடுகிற சத்தம் வந்தது.

நாலாவது பம்பின் கதை வேறு. பெல்ட் இழுவை பற்றியது. நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கவேண்டும் என்பது கணக்கு. நம்மவருக்கு லூஸாக எதுவும் இருக்கக்கூடாது. டைனமோவைக் கடப்பாரை போட்டு நெம்பி, பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைப்பார். அந்த இழுப்பு முழுவதும் பம்ப் பேரிங்கின் தலையில். அது போதாதென்று, இந்த வண்டியில் ஃபேனும் பம்ப் தண்டின் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எப்போதோ எதிலோ இடித்து ஃபேன் இறக்கை ஒன்று வளைந்துபோக, அதைக் குறடால் இழுத்துத் தோராயமாக நேராக்கியிருந்தார். ஒரு பக்கம் கனத்த ஃபேன் சுற்றச் சுற்றத் தண்டு ஆடும். தண்டு ஆடினால் சீல் எப்படி ஒட்டி நிற்கும்? நாப்பத்தொரு நாள் தாக்குப்பிடித்ததே அதன் பூர்வஜன்ம புண்ணியம்.

அந்த நாப்பத்தொன்றாம் நாள் நானும் வண்டியில் இருந்தேன். திண்டிவனத்தில் கல்யாணம். செங்கல்பட்டு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. பதறவே இல்லை மனிதர். இந்த ரோட்டில் எங்கெங்கே தண்ணீர் கிடைக்கும் என்று நூற்றெட்டு திவ்யதேசம் மாதிரி மனப்பாடம். மதுராந்தகத்தில் ஓரம் கட்டினார். ஏரி காத்த ராமர் கோயில் ஊர் அது. அன்று ராமருக்கு ஏரியோடு சேர்த்து இன்ஜினையும் காக்கவேண்டிய பொறுப்பு. ஆவி பறக்கும்போதே இரண்டு கேன் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று விட்டார். ஆறட்டுமே என்றேன். "முகூர்த்தம் ஆறிடும் தம்பி." கொதித்துக் கிடக்கும் பீங்கான் வளையத்தில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். விட்டிருக்கவேண்டும், பந்தி முடிந்து வெளியே வந்தபோது வண்டிக்குக் கீழே ஒரு குட்டி ஏரி.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். பம்புகளும் உத்தமர்கள் இல்லை. வண்டியே உற்பத்தியில் இல்லாதபோது கடையில் கிடைப்பதெல்லாம் ஒரே தரமாக இருக்காது. சன்னப் பேரிங், சரியாகப் பொருந்தாத இறக்கை எல்லாம் உண்டு. கிட் போடுகிற இடத்தில் பிரஸ் வைத்து அழுத்தவேண்டிய புல்லியைச் சுத்தியலால் அடித்து இறக்கினால், பேரிங் பட்டறையிலேயே காயத்தோடுதான் வெளியே வரும். ஆனால் நாலு பம்பும் ஒரே வீட்டில் செத்தால் போலீஸ்கூட வீட்டுக்காரரைத்தான் விசாரிக்கும்.

இவ்வளவும் அவருக்குப் புரியாமல் இல்லை. பம்ப் வாங்கினால் கையில் ஒரு டப்பா இருக்கிறது. காசு கொடுத்ததற்குக் கண்கண்ட சாட்சி. ரேடியேட்டரைக் கழுவினால் கையில் என்ன மிஞ்சும்? அழுக்குத் தண்ணீர். இந்த ஒன்றைத் தெருவில் புரிந்துகொண்டவர் மெக்கானிக் பாய் ஒருவர்தான். "பம்ப மாத்தறாரு, தண்ணிய மாத்த மாட்டேங்கறாரு" என்று என்னிடம் புலம்புவாரே தவிர, அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார்.

ஐந்தாவது பம்புக்குப் பாய் ஒரு காரியம் செய்தார். நம்மவர் ஒரு மாதம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, நிஜமாகவே தெரிந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, இன்ஜினுக்குள் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, புது பெல்ட், புது ஃபேன் போட்டு, கூலன்ட்டைச் சுத்தமான தண்ணீரில் கலந்து ஊற்றினார். திரும்பி வந்தவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்.

"என்ன பாய், பச்சையா இருக்கு?"

"இந்த பம்ப் டப்பாவுலயே கூட வந்துது சார். இதத்தான் ஊத்தணுமாம். வேற ஊத்தினா கேரன்டி கிடையாதாம்."

டப்பாவில் வந்தது என்றதும் நம்மவர் மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது நடக்கிறது. ஒரு சொட்டு இல்லை. பவுடர் டப்பாவுக்குக் கண்ணாடி திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பம்புன்னா இதான் தம்பி பம்ப். முன்ன வாங்கினதெல்லாம் டூப்ளிகேட்" என்கிறார்.

ஐந்தாவது பம்பைப் பாய் வாங்கியது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். முதல் பம்ப் வாங்கிய அதே கடை, அதே டப்பா.