தை இன்னும் முடியல

காணும் பொங்கலும் போய், வாசலில் கட்டிய கரும்புத் தோகை காய்ந்து மாட்டுக்கும் போன பிறகுதான் எனக்கு மதுரைச் சித்தப்பா ஞாபகம் வந்தது. அவருக்குப் பொங்கல் வாழ்த்து சொல்லவில்லை. அன்றைக்குத் தேதி ஜனவரி 23.

இது பரம்பரை வியாதி. அப்பா காலத்தில் சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டைகள் கடை வாசலில் வரிசையாகத் தொங்கும். பொங்கப்பானை, கன்றுக்குட்டி, எம்.ஜி.ஆர்., ரஜினி. அப்பா இருபது வாங்குவார். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, யார் முதலில் அனுப்புகிறார்கள் என்று பார்ப்பார். வந்த அட்டைக்குத்தான் பதில் போகும். அதுவும் உறையை ஒட்டாமல், வாயை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதி. ஸ்டாம்பில் மிச்சம். அது போய்ச் சேரும்போது அங்கே கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளியிருப்பார்கள்.

சித்தப்பா யாருக்குத் தம்பி? அவரும் அங்கே அட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு வருஷம் இரண்டு பேரும் காத்திருந்ததில் வாழ்த்தே இல்லாமல் போனது. சித்திரையில் ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொண்டபோது ஒருவரை ஒருவர் எதுவும் கேட்கவில்லை. இருவருக்கும் காரணம் தெரியும்.

பிந்திய வாழ்த்துக்கு முறை வேண்டுமென்றால் மொய்யிடம்தான் கற்க வேண்டும். கல்யாணத்துக்கு வர முடியாதவர் ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்து நூற்றியொன்றைக் கொடுத்து, காப்பி குடித்துவிட்டுப் போவார். நோட்டில் பேர் ஏறிவிடும். ஏன் வரவில்லை என்று அவர் புராணம் பாட ஆரம்பித்தால்தான் சங்கடம். 'ஆபீசில் ஆடிட்டிங், அப்புறம் முதுகுவலி' என்று நாலு பத்தி எழுதிவிட்டுக் கடைசி வரியில் வாழ்த்தினால், படிக்கிறவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

தீபாவளிக்கு இதெல்லாம் செல்லாது. 'கங்கா ஸ்நானம் ஆச்சா?' என்று மூன்று நாள் கழித்துக் கேட்டால் வாழ்த்து மாதிரியா இருக்கும்? பொங்கல் தாராளம். தை மாதம் பிப்ரவரி 12 வாக்கில்தான் முடிகிறது. அதுவரை வாய்தா உண்டு என்பது என் கட்சி.

நிஜமான கட்சிகளும் இதில் புகுந்ததுண்டு. 2008-ல் தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011-ல் அது ரத்தாகி, புத்தாண்டு பழையபடி சித்திரைக்கே போனது. அவர்கள் கணக்கு வேறு. என் போன்றவர்களுக்கு இடைப்பட்ட வருஷங்களில் ஒரு நாள் மறந்தால் இரண்டு வாழ்த்து பாக்கி விழுந்தது. இப்போது தையில் கோட்டை விட்டாலும் ஏப்ரல் 14 இருக்கிறது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வாட்ஸ்அப் தேதியோடு காட்டிக்கொடுக்கும் என்பதால் போனே செய்தேன்.

"சித்தப்பா, பொங்கல் வாழ்த்துகள்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எந்த வருசத்துக்குப்பா?"

"தை இன்னும் முடியலையே சித்தப்பா."

"சரி சரி, உனக்கும் வாழ்த்துகள். நீ சொல்லட்டும்னுதான் நானும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்பா வாங்கி வைத்த அட்டைகளில் ஏழு இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஏழும் ரஜினி.