வெறுங்கிளை இலக்கணம்

வேனில்கால மலைநடையில் எடுக்கப்படும் பறவைப் படங்களில் பெரும்பாலானவற்றில் பறவை இருப்பதில்லை. கிளை இருக்கும், இலை இருக்கும், சற்றுமுன் யாரோ எழுந்துபோனதால் கிளை ஆடிய கலங்கல் இருக்கும். எடுத்தவரே அன்றிரவு விடுதிக் கட்டிலில் சாய்ந்தபடி அவற்றை ஒவ்வொன்றாக அழித்துவிடுகிறார். ஒரு துறையின் முதன்மைச் சான்றுகள் படைத்தவர் கையாலேயே அழியும் அவலம் ஏட்டுச்சுவடிகளுக்குக்கூட நேர்ந்ததில்லை. அங்கே கரையான் தேவைப்பட்டது. எஞ்சியவற்றைக் கொண்டு வெறுங்கிளைப் படத்துக்கு இலக்கணம் வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை, ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் வால்பாறை, காலம், ஏப்ரல். தேயிலைத் தோட்டத்துச் சாலையை விட்டுச் சோலைக்குள் இறங்காததற்கு வனத்துறை விதி ஒரு காரணம். யானை இன்னும் வலுவான காரணம்.

முன்னோர் ஆய்வுகளை முதலில் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையைப் பதிவுசெய்யத் துப்பாக்கியே கருவி. காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூம், தோலும் முட்டையுமாகச் சேர்த்த 80,000க்கும் மேற்பட்ட உருப்படிகளை, காங்கிரஸ் தொடங்கிய அதே 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் முறையிலும் இறுதியில் கிளை காலியாகத்தான் ஆனது. பறவை மட்டும் அலமாரிக்குப் போனது. நம் முறையில் பறவை அடுத்த மரத்துக்குப் போகிறது. இதை முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிய கனத்த காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டு, அதைக் காடுகளில் சுமந்து திரிந்தார். இன்று 2 கிலோ லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டு எலும்பு மருத்துவரிடம் போகிறவர்கள் அந்த மரபின் நேர்வாரிசுகள். படங்களில்தான் மரபு கொஞ்சம் அறுபட்டிருக்கிறது.

இனி இலக்கணம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சிக்கு உரிய பொழுது கூதிரும் யாமமும். நம்மவர்களோ விடுமுறை கிடைக்கிறதே என்று ஏப்ரலில் கிளம்புகிறார்கள். வேனில் பாலைக்கு உரியது. பாலையின் உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். ஆக, குறிஞ்சி நிலத்தில் பாலைப் பொழுதில் போய் நிற்பவரை விட்டுப் பறவை பிரிந்துசெல்வது இலக்கணப் பிழையன்று, இலக்கணத்துக்கு அது காட்டும் மரியாதை. பறந்தபின் கீழே நிற்பவர் கொள்ளும் இரங்கலை நெய்தலின் மயக்கமாகக் கொள்ளலாம். விடியற்காலை மருதத்துக்கு உரியது என்பதால், நாலரைக்கு அலாரம் அடித்து அறையில் மூண்ட ஊடலையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை.

பிரிதல் நிமித்தம் எது என்பதில்தான் களஆய்வு பெரிதும் உதவியது. கீழ்வரும் உரையாடல் சொல் மாறினாலும் பொருள் மாறாமல் எல்லாக் குழுக்களிலும் வழங்குகிறது. வழிகாட்டி உள்ளூர் இளைஞர்; மற்றவர் சென்னையிலிருந்து வந்தவர்.

“அந்த மரத்துல பாருங்ணா.”

“எந்த மரம் தம்பி?”

“அந்தப் பெரிய மரமுங்ணா. பத்து மணிப் பக்கம்.”

“மரத்துக்கு நடு எது?”

“அதை விடுங்க. ரெண்டாவது கிளையில பாசி புடிச்சிருக்குதுல்லங்ணா, அதுக்கு மேல, காய்ஞ்ச இலைக்குப் பின்னால… போயிருச்சுங்ணா.”

இதில் ‘போயிருச்சு’ என்ற இடத்தில்தான் இருவருக்கும் முதன்முறையாகக் கருத்தொற்றுமை ஏற்படுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அடுத்த கணமே மற்றவர் காமிராவை உயர்த்திக் கிளையைச் சரமாரியாகச் சுடுகிறார். ஏன் என்று கேட்டால் “வந்தாலும் வரும்” என்கிறார்.

உடலியல் காரணங்களும் உண்டு. கண் பார்த்து விரல் அழுத்தச் சுமார் கால் விநாடி ஆகும். மனிதக் கண் விநாடிக்குச் சுமார் 60 மினுக்கங்கள் வரை பிரித்தறியும். ஐரோப்பிய ஈப்பிடிப்பான்களின் கண் 140ஐயும் எட்டும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். நாம் சட்டென்று தூக்குவதாக நினைக்கும் லென்ஸ், அந்தக் கணக்கில், தேர் அசைந்து வருவது மாதிரிதான் பறவைக்குத் தெரியும். எவ்வளவு நெருங்கினால் ஒரு பறவை எழும்பும் என்பதை அளக்கவும் முறையான ஆய்வுகள் உள்ளன. அவற்றில் இல்லாத ஒரு விதியை இக்கட்டுரை முன்மொழிகிறது: லென்ஸ் நீள நீள, பறவை உட்காரும் தூரமும் நீளும். 300 மில்லிமீட்டரை விற்று 600 வாங்கியவர்கள் எவரும் இதை மறுக்கவில்லை. வீட்டில் விலையைச் சரியாகச் சொன்னவர்களும் எவரும் இல்லை.

விதிவிலக்கு மலை இருவாச்சி. ஒளிந்து திரியும் வழக்கம் அதற்குக் கிடையாது. சிறகோசை முன்னதாகவே வந்து சேர்ந்துவிடும், காமிராவை எடுத்து மூடியைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைக்கவும் நேரமிருக்கும். ஏப்ரலில் பெண் பறவை மரப்பொந்தில் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு குஞ்சோடு உள்ளே இருக்கும். சிறு இடுக்கு வழியாக ஆண் அத்திப்பழங்களை ஊட்டும். ஆகவே ஆண் அதே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். இந்த நிர்ப்பந்தத்தை நம்பிப் பொந்தின் எதிரே முக்காலியை ஊன்றி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அஞ்சி ஆண் வராமல் போனால் உள்ளே இரண்டு வயிறு காயும். இப்படிக் கிடைக்கும் கூர்மையான படத்தைவிட, தள்ளி நின்று எடுத்த வெறுங்கிளையே மேலானது என்பதில் இந்த ஆய்வாளருக்கு ஐயமில்லை. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, போட்டிக்கு எவனோ வந்துவிட்டான் என்று பதறி வரும் ஆணைப் பிடித்த படங்களும் இடைச்செருகல் என்று தள்ளப்பட்டன.

துறைக்கு ஆபத்து வேறு திசையிலிருந்தும் வந்திருக்கிறது. 2016இல் ஒலிம்பஸ் வெளியிட்ட ஒரு காமிரா, பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் போதும், முழுக்க அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துப் பதிந்துகொடுத்தது. இப்போது மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றுகின்றன. பறவை போனபின் அழுத்தினாலும், போகுமுன் இருந்தது படத்தில் வந்துவிடுகிறது. நடந்து முடிந்ததை நடக்குமுன் எடுத்ததாகக் காட்டும் இத்தகைய சான்றை எந்த நீதிமன்றமும் ஏற்காது; அத்தை பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் குழுவில் ஏற்கிறார்கள்.

கடைசியாகத் தீராத வழக்கு ஒன்று. துடுப்பு வால் கரிச்சானின் வாலில் இரு ஓரச் சிறகுகள் கம்பியாக நீண்டு நுனியில் துடுப்பாக விரிந்திருக்கும். பறவை கிளம்பி உடல் சட்டகத்தை விட்டு வெளியேறிய பின்னும் துடுப்புகள் இரண்டும் படத்தின் ஓரத்தில் கறுப்பாக நிற்கின்றன. கம்பி மெல்லியது என்பதால் அது பதிவதில்லை. இது வெறுங்கிளையா, பறவைப் படமா? உறுப்பைச் சொல்லி உடையவனைக் குறிப்பது சினையாகுபெயர் என்பதால் இது பறவைப் படமே என்பது எடுத்தவர் கட்சி. அவர் அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியும்விட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக முந்தானையாலும் கைக்குட்டையாலும் அந்த இரண்டு புள்ளிகளைத் துடைத்துப் பார்க்கிறார்கள்.