யமஹாக்காரர்

யமஹா வண்டி வைத்திருப்பவரெல்லாம் யமஹாக்காரர் ஆகிவிட முடியாது. வைத்திருப்பவர் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். யமஹா கம்பெனி பிறந்ததிலிருந்து இன்றுவரை செய்த வண்டிகளில் எது தலையாயது என்ற வழக்கை, வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நடத்துபவர்தான் யமஹாக்காரர். தமிழ் பேசும் ஊர்கள் எல்லாவற்றிலும் இவர் உண்டு. காரைக்காலில் இருப்பவருக்குச் சில தனி லட்சணங்கள். வயது நாற்பதுக்கு மேல். நம்பர் பிளேட்டில் பிஒய் 02. காலையில் பாரதியார் சாலை டீக்கடை, பகலில் ஏதாவதொரு ஒர்க்‌ஷாப் வாசல், மாலையில் அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலை. வழக்கு ஒன்றுதான், வாய்தாதான் மூன்று.

இவர்களில் பெரும்பான்மை ஆர்எக்ஸ் பிரிவு. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் கூட்டோடு வந்தது. 98 சிசி, டூ-ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடைக்கு அந்தச் சக்தி அன்றைக்குப் பெரிய விஷயம். கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டால் முன்சக்கரம் எழுந்து நின்று கும்பிடும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 1996-ல் உற்பத்தி நின்றது. இத்தனையும் யமஹாக்காரருக்கு மனப்பாடம். பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டால்தான் உள்ளே எட்டிப் பார்ப்பார்.

ஆர்எக்ஸ் பிரிவுக்குள் ஓர் உயர்குலம் இருக்கிறது. அது ஜப்பான் பீஸ் வைத்திருப்போர் குலம். தொடக்க காலத்து வண்டிகளுக்குப் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன என்பது உண்மை. சிக்கல் எண்ணிக்கையில்தான். சுமார் 160 சதுர கிலோமீட்டர் மாவட்டத்தில் ‘என்னது ஜப்பான் பீஸ்’ என்று சொல்பவர்களை வரிசையில் நிறுத்தினால், அந்தப் பாகங்கள் வந்த கப்பல்கள் எல்லாம் நேரே காரைக்காலுக்கே வந்து இறக்கியிருக்க வேண்டும். காரைக்கால் துறைமுகம் செயல்படத் தொடங்கியதோ 2009-ல். வண்டி நின்று பதின்மூன்று வருஷம் கழித்து.

சந்தேகப்படுபவருக்குச் செய்துகாட்டப்படும் பரீட்சை பார்க்க வேண்டிய ஒன்று. யமஹாக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிடுவார். கைபேசி டார்ச்சை அடித்து, எஞ்சின் ஓரத்தில் படிந்திருக்கும் ஆயில் அழுக்கைக் கைக்குட்டையால் துடைப்பார். முதலில் எஞ்சின் எண் தெரியும். 1எல்1 என்று தொடங்கினால் அசல். அடுத்து கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் விரல்நுனியை வைத்து, “தொட்டுப் பாருங்க, எழுத்து பொடைச்சிட்டு இருக்கா?” என்பார். தொட்டவருக்கு விரல் சுடும். சுட்ட விரலை உதறும்போது தலையும் தன்னால் ஆடும். அதுவே ஒப்புதலாகப் பதிவாகும்.

கிக்கர் உதைப்பதும் ஒரு சடங்கு. சோக்கை இழுத்து, கிக்கரைப் பாதி வரை இரண்டு முறை மெதுவாக அழுத்தி, மூன்றாவதில் முழுசாக உதைக்க வேண்டும். வெள்ளைப் புகை கிளம்பி டீக்கடைக்காரர் முகம் சுளித்த பிறகு, ஐடிலிங்கில் அந்தத் தாளம் வரும். யமஹாக்காரரின் வாதத்தில் பாதி இந்தச் சத்தம்தான். தவில், நாகசுரம் கேட்டு வளர்ந்த டெல்டாக்காரருக்குக் காது கூர்மை என்பதை மறுக்க முடியாது. வரலாறும் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. தொரகுசு யமஹா 1887-ல் ஹமாமட்சு பள்ளிக்கூடம் ஒன்றின் ரீட் ஆர்கனைப் பழுது பார்த்ததில் தொடங்கியது அந்தக் கம்பெனி. இசைக்கருவிகளுக்குப் பிறகுதான் 1955-ல் மோட்டார் சைக்கிள். கம்பெனி முத்திரையில் இருக்கும் மூன்றும் இன்றைக்கும் சுருதிக் கவைகள். ஆனால் யமஹாக்காரர் ரசிக்கும் நாதம் பெரும்பாலும் கம்பெனி கொடுத்ததாக இருப்பதில்லை. உள்ளே இருந்த தடுப்பைக் கழற்றிய சைலன்சர் கொடுத்தது. இதைச் சொல்லிக்காட்டுவது நாகரிகமில்லை.

இரண்டாவது, ஆர்டி பிரிவு. எண்ணிக்கை குறைவு, செருக்கு அதிகம். எஸ்கார்ட்ஸ் 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இறக்கிய யமஹா ஆர்டி 350 இவர்களின் குலதெய்வம். 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர், முதல் ரகத்தில் 30.5 குதிரைத்திறன். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் தராமல் டிரம் வைத்ததால் வண்டி கிளம்பிய வேகத்தில் நிற்காது. அந்தக் குறையையே வீரமாக மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். மைலேஜ் லிட்டருக்கு இருபதை ஒட்டி. மற்ற ஊர்களில் ஆர்டிக்காரர் இந்த இடத்தில் வாயை மூடுவார். காரைக்காலில் மூட மாட்டார். பக்கத்து நாகப்பட்டினத்தைவிட இங்கே பெட்ரோல் வரி குறைவு. “நம்மூர்ல பெட்ரோல் வெலைக்கு மைலேஜ் ஒரு பேச்சா மாப்ள?” என்பது புதுச்சேரி அரசின் வரிக்கொள்கையையே வண்டியின் குணமாக்கிவிடும் வாதம்.

மூன்றாவது பிரிவு எல்லா ஊரிலும் கிடைக்காது. 1954-ல் பிரெஞ்சுக்காரர் கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஊர் இது. பிரெஞ்சுக் குடியுரிமையும் பாரீஸ் சுற்றுவட்டாரத்தில் உறவும் உள்ள வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீட்டு யமஹாக்காரருக்கு ஆர்எக்ஸ், ஆர்டி எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. அவர் வழக்கில் எடுத்து வைப்பது எக்ஸ்டி 500. 1976-ல் வந்த ஒற்றை சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. 1978 டிசம்பர் 26 அன்று பாரீஸில் புறப்பட்ட முதல் பாரீஸ்–டக்கர் பந்தயத்தில், சகாரா மணலைத் தாண்டி சிரில் நெவ்வே என்ற பிரெஞ்சுக்காரர் ஜெயித்தது அந்த வண்டியில்தான். மறுவருஷமும் அவரே, அதே வண்டியிலேயே. தகவல் அத்தனையும் சரி. சொல்பவர் எக்ஸ்டி 500-ஐக் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்பது தனிக் கேள்வி. ஸ்வெட்டர் போட்ட சித்தப்பா யாருடைய வண்டியிலோ கைவைத்துக்கொண்டு நிற்கும் வெளிறிய போட்டோ ஒன்று சாட்சியாகச் சட்டைப்பையிலிருந்து வரும்.

இளையவர் பிரிவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2008-ல் வந்த ஆர்15, அதற்குப் பின் வந்த அதன் புதிய ரகங்கள், எம்டி-15. லிக்விட் கூலிங், ஆறு கியர், கூர்மையான விளக்கு. தொழில்நுட்பத்தில் அவர்கள் சொல்வது எல்லாமே சரி. அதனாலேயே அவர்களை யாரும் பேச விடுவதில்லை.

வழக்கு நடக்கும் முறை எப்போதும் ஒன்றே. அளவுகோலை யாரும் முதலில் சொல்வதில்லை. எதிராளி வண்டி ஜெயிக்கும் நேரத்தில் அளவுகோல் மாறும். அவ்வளவுதான் சட்டம்.

“ஆர்ஒன்னு 98-ல வந்துச்சுண்ணே. 998 சிசி, நூத்தம்பது குதிரை. அதுக்கு மேல என்ன வேணும்?”

“வரட்டும் தம்பி. அதுல போயி நேரு மார்க்கெட்ல மீன் வாங்கிட்டுத் திரும்பச் சொல்லு, பாக்குறேன்.”

“ரோசி? ஹோண்டாவ விட்டுட்டு யமஹாவுக்கு வந்து, 2004-ல மொத ரேஸே ஜெயிச்சாரே, அந்த எம்ஒன்னு?”

“அது ஷோரூம்ல கெடைக்குமா? கெடைக்காதுல்ல. கணக்குல வராது.”

“நீங்க சொல்ற ஆர்எக்ஸும்தான் ஷோரூம்ல கெடைக்காது.”

இந்த இடத்தில் ஒரு டீ சொல்லப்படும். வேகம் பற்றிய வாதம் காரைக்காலில் எடுபடாததற்குப் புவியியல் காரணமும் உண்டு. வடக்கே பூவத்தில் நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆறாவது கியர் விழுந்து சூடு பிடிப்பதற்குள் மாவட்டம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும்.

தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர் மெக்கானிக் நானா ஒருவர்தான் என்பதில் எல்லாப் பிரிவுக்கும் உடன்பாடு. அவரோ எந்த வண்டி முன்னால் நிற்கிறதோ அதுவே சிறந்தது என்பார். தனியே கேட்டால் ஆர்டி என்பார். இரட்டை சிலிண்டர், இரண்டு கார்ப்பரேட்டர். ஒன்றை ஒன்றோடு ஒத்திசைய வைப்பதற்குள் ஒரு பகல் ஓடும், கூலியும் அதற்குத் தக்கபடி. ஆர்எக்ஸில் போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியது வரும்போது ஆர்எக்ஸ் பக்கமும் கொஞ்சம் சாய்வார். ஆர்15 வந்தால் லேப்டாப் தேடும் வண்டி என்று கையைத் துடைத்துக்கொள்வார். நீதிபதிகளில் இவ்வளவு வெளிப்படையானவரைக் காண்பது அரிது.

யமஹாக்காரர் வேலைக்குப் போவது எதில் என்பது பலருக்குத் தெரியாது. நல்ல மைலேஜ் தரும் வேறு கம்பெனி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில். அது டீக்கடைக்கு வராது, இரண்டு கடை தள்ளி நிற்கும். வீட்டில் ஆர்எக்ஸ் படுதா போர்த்திக்கொண்டு தாழ்வாரத்தில் இருக்கும், துணி காய்கிற கொடிக்கு ஒரு முனையாகவும் பயன்படும். பதினைந்து வருஷம் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022-ல் முந்நூறிலிருந்து ஆயிரமாக உயர்ந்தபோது, வீட்டம்மா முதன்முதலாக அந்த வண்டியைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். ஏற்கத்தக்க கருத்துதான். ஏற்கப்படவில்லை.

சிறந்த வண்டி எது என்ற பேச்சு உண்மையில் விலையைப் பற்றிய பேச்சு என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஆர்எக்ஸ் நல்ல கண்டிஷனில் இருந்தால் இன்று லட்சத்தைத் தாண்டுகிறது. “விக்கிற எண்ணமே இல்ல” என்று யமஹாக்காரர் சொல்லாத நாளில்லை. அடுத்த வாக்கியத்தில், போன வாரம் திருவாரூர்க்காரர் ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போன தொகை வரும். தொகை ஒவ்வொரு வாரமும் ஐயாயிரம் ஏறும், திருவாரூர்க்காரர் ஒருவரே. ஆர்எக்ஸ்தான் சிறந்தது என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்டால் தாழ்வாரத்துச் சொத்துக்கு மதிப்புக் கூடும். ஆர்டிக்காரருக்கும் இதே நியாயம். எக்ஸ்டிக்காரர் ஒருவர்தான் சொந்த லாபம் எதுவுமின்றி வாதாடுகிறார். அதனால்தான் அவருக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது போலும்.

ஆர்எக்ஸ் பெயரை மீண்டும் கொண்டுவரும் எண்ணம் உண்டென்று யமஹாவின் இந்தியத் தலைமை 2022-ல் தெரிவித்தது. இன்றைய புகை விதிகளின்படி பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வழியில்லை. பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக்காகத்தான் இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். வரப்போவதன் படம்கூட வெளிவராத நிலையில், காரைக்கால் அமர்வு அதை விசாரித்து, யமஹா செய்த வண்டிகளிலேயே மோசமானது என்று முடிவு செய்துவிட்டது. சத்தம் சரியில்லையாம். இந்த ஒரு தீர்ப்பில் மட்டும் ஆர்டி பிரிவும் பிரான்ஸ் பிரிவும் ஆர்எக்ஸ் பிரிவோடு சேர்ந்து கையெழுத்திட்டிருக்கின்றன. ஆர்15 தம்பி மட்டும் புக்கிங் எப்போது திறப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.