பால் வண்டியும் செவப்புக் கட்டமும்

எடே மருமவனே, திரையில ஒரு செவப்புக் கட்டம் வந்துட்டுதுன்னு இப்பிடியா வெளறி நிப்பே? இஞ்சிவிளையில கடை போட்டு, அமரவிளை வரைக்கும் உள்ள சனங்களுக்கு ஆதாரும் ரேசன் கார்டும் திருத்திக் குடுக்கிறவனாக்கும் நீ. இந்த அப்டேட்டு ஆபத்தா இருக்கலாம்னு மிசின் சொன்னதும் மாமனைத் தேடி வந்துட்டே. போன மாசம் எவனோ அனுப்பின பொங்கல் வாழ்த்தை அமுக்கினப்போ மாமன் ஓர்மை வரல்ல, இல்லியா?

சரி, இரி. பாறசாலையில பால் சோதிக்கிறாவள்லா, தமிழ்நாட்டு டேங்கரை நிறுத்தி? அங்க கேக்குத கேள்வியத்தான் நீயும் கேக்கணும். நிறுத்தினது யாரு? சீலு யாருக்க சீலு? உள்ளே என்ன? சீலு நல்லா இருந்தா பாலு நல்லதுன்னு அர்த்தமில்ல. அனுப்பினவன் இன்னான்னு மட்டுந்தான் சீலு சொல்லும். நிறுத்தினவன் சொல்லுததும் வேதமில்ல, கேட்டியா. 2023 ஜனவரியில ஆரியங்காவில 15,300 லிட்டர் பாலோட ஒரு டேங்கரைப் பிடிச்சாவ. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்குன்னு பால்வளத்துறை சொல்லிச்சு. பொறவு உணவுப் பாதுகாப்புத் துறை சோதிச்சுப் பாத்துட்டு, அப்பிடி ஒண்ணும் இல்லேன்னு சொல்லிச்சு. நீங்க சோதிக்க நாள் கடத்தினதுல மருந்து காணாமப் போச்சுன்னு முதல் துறை முறுக்கிச்சு. ரெண்டும் கேரள சர்க்காருதான். ரெண்டு சர்க்காரு ஆபீசுக்கே ஒத்துப்போகாத காரியத்துல ஒனக்க ஆன்டிவைரசு சொல்லுததை மட்டும் நீ அப்பிடியே நம்புதே!

அதுவும் தப்புச் சொல்லும். 2010 ஏப்ரல் 21-ல மெக்காஃபி ஆன்டிவைரசு, விண்டோஸ் எக்ஸ்பிக்க சொந்தக் கோப்பு ஒண்ணையே வைரசுன்னு பிடிச்சு உள்ளே தள்ளிச்சு. கள்ளனைப் பிடிக்க வந்தவன் வீட்டுக்காரனைக் கட்டிப்போட்ட கதை. மிசினுங்க திரும்பத் திரும்ப அணைஞ்சு எரிஞ்சதுதான் மிச்சம்.

அதனால மொதல்ல பாக்க வேண்டியது, சத்தம் எங்கேருந்து வருதுங்கதை. நீ ஓசிப் படம் தேடிப் போன பக்கத்துல வந்த கட்டமா? பிரவுசரை மூடினா அதுவும் சேந்து போயிரும். அது எச்சரிக்கை இல்ல, வலை. மிசினுக்க உள்ளேருந்தே வந்ததுன்னா, செட்டிங்சுல விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, அந்த அப்டேட்டுக்க கே.பி. நம்பர் அங்க இருக்கான்னு பாரு. கோப்பாட்டு இறக்கியிருந்தா, வலது பக்கம் அமுக்கி பிராப்பர்ட்டீசுல டிஜிட்டல் சிக்னேச்சர் யாருக்கதுன்னு பாரு. ஊரும் பேரும் இல்லாத கோப்புன்னா யோசிக்காம அழிச்சுரு.

பேரு இருந்தா? அங்கதான் சூதானம் வேணும். 2020-ல சோலார்விண்ட்சுங்க அமெரிக்கக் கம்பெனிக்க அப்டேட்டுலயே களவாணிப்பயலுவ புகுந்துட்டானுவ. கையெழுத்து சுத்தம், உள்ளே நஞ்சு. 2017 ஜூன்ல உக்ரைன்ல வரிக்கணக்கு மென்பொருளுக்க அப்டேட்டு வழியாட்டு நாட்பெத்யாங்க வைரசு கிளம்பிச்சு. அது நம்ம மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துல ஒரு முனையத்தையே முடக்கிச்சு. உக்ரைன்ல எவனோ வரி கட்டப் போனதுக்கு மும்பையில கன்டெய்னர் நின்னுது.

அப்போ என்னதான் செய்யணும்னு கேக்குதியா? கொஞ்சம் சோம்பல் படு. ஒனக்கு அது பிறவியிலேயே உண்டு, புதுசா படிக்க வேண்டாம். 2024 ஜூலை 19-ல கிரவுட்ஸ்ட்ரைக்குங்க பாதுகாப்புக் கம்பெனி ஒரு அப்டேட்டை விட்டுது. நம்ம நேரத்துக்குக் காலையில 9.39-க்கு விட்டாவ, 10.57-க்கு மாத்திட்டாவ. அந்த நேரத்துக்குள்ள உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மிசினு நீலத் திரையில விழுந்துட்டுது. நம்ம விமான நிலையங்கள்ல போர்டிங் பாசைப் பேனாவால எழுதிக் குடுத்தாவ. பதினொண்ணு மணிக்கு மேல ஆபீசுக்கு வந்து மிசினைப் போட்டவனுக்கு ஒண்ணும் ஆகல்ல. ஒன்னைப் போல உள்ளவனுக்குத் தெய்வம் தந்த நாளாக்கும் அது.

எந்தரு சிரிப்பு? அடுத்ததைக் கேளு. 2017 மார்ச் 14-ல மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைச்சு அப்டேட்டு தந்துது. பொறவு பாக்கலாம்னு விட்டவனுவளை மே 12-ல வான்னாக்ரைங்க வைரசு பிடிச்சுது. லண்டன் ஆசுபத்திரியை முடக்கின அதே சாதனம், வயநாட்டுல தரியோடு பஞ்சாயத்துக்கும் பத்தனம்திட்டையில அருவாப்புலம் பஞ்சாயத்துக்கும் வந்து, கோப்பையெல்லாம் பூட்டிப்போட்டு 300 டாலர் கேட்டுது. அதையும் பிட்காயினாத் தரணுமாம். பஞ்சாயத்து ஆபீசுல வீட்டுவரிக்கே சில்லறை இருக்காது.

ஆனதுனால, சோம்பலுக்கும் ஒரு கணக்கு உண்டு. பாதுகாப்பு அப்டேட்டுன்னா நாலஞ்சு நாள் பொறு. மைக்ரோசாஃப்ட் அதை வழக்கமாட்டு மாசத்துல ரெண்டாம் செவ்வாய்க்குத்தான் விடும். அடுத்த திங்கக்கெழமைக்குள்ள யாராவது அலறியிருந்தா ஊருக்கே கேட்டிருக்கும். அலறல் இல்லேன்னா போடு. புது ஐகானு, புது அலங்காரம்னு வருததை ஓணம் கழிஞ்சு போட்டாப் போதும். எது போடுததுக்கு முன்னாலயும் கடைக் கோப்பையெல்லாம் வேற ஹார்டு டிஸ்குல எடுத்து, அந்த வயரைப் புடுங்கி வையி. புடுங்காம வச்சா பூட்டுதவன் அதையும் சேத்துப் பூட்டுவான்.

சந்தேகம் தீரலேன்னா வைரஸ்டோட்டலுங்க தளத்துல அந்த இன்ஸ்டாலரைப் போட்டுப் பாரு. ஏறக்குறைய 70 ஆன்டிவைரசு ஒரே நேரத்துல பாக்கும். பேரு தெரியாத ஒண்ணு ரெண்டு மட்டும் கத்தினா, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி பாரு. பாதிக்குப் பாதி கத்தினா அழிச்சுட்டுக் கையைக் கழுவு. ஆனா ஊரான் ஆதாரையும் ஆதாரத்தையும் அங்க ஏத்திப்போடாதே. ஏத்தினது மத்தவனுக்கும் கிட்டும்.

வண்டிக்கு அபராதம் விழுந்திருக்குன்னு, சர்க்காருக்க பரிவாகன் பேருல வாட்சாப்புல ஒரு ஏபிகே கோப்பு வரும். அதுக்கு இந்தச் சோதனை ஒண்ணும் வேண்டாம், தொடாமலே அழி. தொட்டுட்டேன்னா போன்ல நெட்டை அணைச்சுட்டு, வேற போன்லேருந்து பாங்குக்கும், சைபர் மோசடிப் புகாருக்குள்ள 1930-க்கும் விளி. எனக்கு விளிக்காதே. எனக்கிட்ட உள்ளது பட்டன் போனு, அதுக்கு அப்டேட்டே வராது.