எந்தச் சமூகம் தம்பி?

மண்டபம் கேட்டுப் போனது என் தப்புதான். போனவன் "ஒரு சின்னக் கூட்டம்" என்று நிறுத்தியிருக்கலாம். "சமூகக் கூட்டம்ண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எந்தச் சமூகம் தம்பி?"

"பைத்தான்ண்ணே."

"கேள்விப்பட்டதே இல்லையே. கம்பம் பக்கமா?"

"ஊரெல்லாம் இல்லண்ணே. அது கம்ப்யூட்டர் பாஷை. அதுல நாங்க ஒரு சட்டகம் எழுதியிருக்கோம்..."

"சட்டமா? அப்ப வக்கீல் தம்பிகளா!" குரலில் மரியாதை ஏறியது. கூடவே வாடகையும் ஏறும்போலத் தெரிந்தது.

"சட்டம் இல்லண்ணே, பிரேம்ஒர்க்."

"ஓ, சாமி படத்துக்குப் பிரேம் போடுறதா. எத்தனை பேரு வருவீங்க?"

"ஏழு."

அவர் நோட்டை மூடினார். "ஏழு பேருக்கு எதுக்குத் தம்பி மண்டபம்? டீக்கடை பத்தாதா?"

பத்தியது. மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் ஞாயிறுதோறும் கூடினோம். எங்கள் கூட்டாளி ஒருவன் எழுதிய, இணையதளங்கள் கட்ட உதவும் குட்டிப் பிரேம்ஒர்க்குக்கு ஒரு சமூகத் தளம் அமைப்பதுதான் திட்டம். கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ஒரே குறை, அந்த யாரும் அதுவரை எடுத்ததில்லை.

இந்தத் துறையில் விளையாட்டு வினையாவது உண்டு. 2010 ஏப்ரல் 1 அன்று ஆர்மின் ரோனாக்கர் என்ற ஆஸ்திரியக்காரர், தாம் ஏற்கெனவே எழுதியவற்றை ஒரே கோப்பில் அடைத்து, புதிய பிரேம்ஒர்க் என்று முட்டாள்கள் தினத்துக்காக அவிழ்த்துவிட்டார். ஜனங்கள் நிஜமென்று நம்பி வரவேற்றார்கள். அந்தக் கேலியிலிருந்து பிறந்ததுதான் பிளாஸ்க். அதற்கு முன்பே பாட்டில் என்று ஒரு பிரேம்ஒர்க் இருந்ததால் இதற்குக் குடுவை என்று பெயர். அவர் கேலியாகத் தொடங்கியது நிஜமானது. நாங்கள் நிஜமாகத்தான் தொடங்கினோம்.

முதல் மூன்று ஞாயிறு தளத்தின் நிறத்துக்குப் போனது. மீனாட்சி பச்சை என்று ஒருவன். அதில் கிளிப்பச்சையா மரகதப் பச்சையா என்று இன்னொருவன். பச்சையே வேண்டாம், கட்சிக் கொடி மாதிரி இருக்கும் என்று மூன்றாமவன். பார்க்கின்சன் என்பவர் 1957-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கமிட்டி வருகிறது. அது அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக் கூரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசும். அணு உலை யாருக்கும் புரியாது, கூரை எல்லோருக்கும் புரியும். மென்பொருள்காரர்கள் இந்த உவமையை இன்றும் ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொள்கிறார்கள். அதே கமிட்டி இவை எல்லாவற்றையும்விட அதிக நேரம் பேசியது கூட்டத்துக்கு வரும் காபியைப் பற்றி. எங்கள் டீ பாக்கியை யார் கொடுப்பது என்று நடந்த விவாதத்தைப் பார்க்கின்சன் பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

அடுத்து மெனு. "நம்ம ஊர் மாதிரியே இருக்கணும் மாப்ள" என்றான் ஒருவன், டீ கிளாஸைப் பெஞ்சின் நடுவில் வைத்து. அது மீனாட்சி கோயில். சுற்றிலும் ஈர விரலால் சதுரம் சதுரமாக வரைந்தான்: ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எங்கே நுழைந்தாலும் கோபுரம் தெரியும், தொலைந்துபோக வழியே இல்லை என்றான். தெற்குக் கோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசலில் அரை மணி நேரம் தேடிய வெளியூர் மச்சானைக் கூட்டிக்கொண்டு திரிந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு பங்களிப்பாளர் பக்கம். இங்கேதான் மதுரை ரத்தம் கொதித்தது. கல்யாண பிளெக்ஸில் தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டால் என்ன நடக்குமோ, அதெல்லாம் நடந்தது. யார் படம் முதலில், யார் படம் பெரிதாக! இந்த ஊரில் பெயர் வாங்கிய பங்களிப்பாளர்கள் வேறு ரகம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிக்க நினைத்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடமே சொந்தம் என்று அறிவித்தார். ஜனங்கள் கடப்பாரையோடு வந்து இறங்கினார்கள். கட்டற்ற பங்களிப்பு என்றால் அதுதான். வேலையை மேற்பார்வையிட்ட மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் தெருப் பெயர்களாக நிற்கிறார்கள். பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண். நாங்களோ ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காமல் கல்வெட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எட்டாவது ஞாயிறு, திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி பழைய லேப்டாப்போடு வந்தான். எங்கள் பிரேம்ஒர்க்கை நிறுவப் பார்த்தானாம். "மூணாவது படியில நின்னுருச்சுண்ணே. எந்த வெர்ஷன் பைத்தான் வேணும்னு எங்கயுமே போடலையே?"

எழுதியவனைப் பார்த்தோம். அவன் வடையைப் பார்த்தான். எந்த வெர்ஷன் என்பது அவனுக்கே மறந்திருந்தது.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வந்த பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். தம்பி ஒவ்வொரு படியையும் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டான். பதினோரு படிகள். ஐந்தாவது படியில், "இந்த இடத்தில் சிவப்பில் ஏதேதோ வரும், பயப்பட வேண்டாம்" என்று சேர்த்திருந்தான். நாங்கள் எட்டு வாரம் பேசியதில் அப்படி ஒரு வரிகூடத் தேறவில்லை.

மதுரைத் திட்டம் நினைவுக்கு வந்தது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் முயற்சி. 1998 பொங்கல் அன்று தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் கல்யாணசுந்தரம், இருந்தது சுவிட்சர்லாந்தில். பேர்தான் மதுரை. அதற்கு அலுவலகமோ மண்டபமோ எங்கள் டீக்கடையோ தேவைப்படவில்லை. தளமும் பகட்டில்லாத நூல் பட்டியல்தான். அதன் நிறம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை இரவுகள் அதில் படித்திருக்கிறேன் என்பது தெரியும்.

ஆக, எங்கள் தளம் இப்போது ஒரே பக்கம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, தம்பியின் பதினோரு படிகள், அடியில் அவன் பெயர். படம் கிடையாது.

நிறம் பற்றிய பேச்சுவார்த்தை வரும் ஞாயிறும் தொடர்கிறது. வருகிறவர்கள் வரலாம். எந்தச் சமூகம் என்று கேட்க மாட்டோம். டீக் காசு மட்டும் அவரவர் கொண்டுவரவும்.