இடும்பனுக்கு எத்தனை கிலோ?

சிங்கப்பூர் போய்வந்த அலுப்பு இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அந்த ஊரைப் பற்றி உருப்படியாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். முதலில் கோவை விமான நிலையத்தைத் தாண்டிவிடுவோம்.

பழனியிலிருந்து வேன் கிளம்பும்போதே வயிற்றைக் கலக்கியது. மனைவி வீட்டுச் சொந்தம் மொத்தமும் உள்ளே, பெட்டிகள் மேலே. அவற்றில் துணிமணி இருந்ததாக நான் நம்பவில்லை. டப்பா டப்பாவாகப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, யூகலிப்டஸ் தைலம், முறுக்கு, இட்லிப்பொடி. சிங்கப்பூர் தேக்காவில் இட்லிப்பொடி கிடைக்காதா என்று கேட்டதற்கு, “பூண்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் 2019லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சுங்க மாப்ளை” என்று பெரிய மாமா பதில் சொன்னார். இட்லிப்பொடியும் அந்தக் கணக்கிலேயே ஏறிவிட்டது.

ஆளுக்கு 20 கிலோ. கவுன்டர் முன்னால் பெட்டிகள் வாய் பிளந்தன. உள்பாவாடை முதல் ஊறுகாய் வரை ஊரே பார்த்தது. “ஏனுங் மாப்ளை, உங்க பெட்டி லேசாத்தானுங்க இருக்குது?” லேசான பெட்டி வைத்திருப்பவன் புறம்போக்கு நிலம். யார் வேண்டுமானாலும் வந்து குடிசை போடலாம்.

இவர்களையும் குறை சொல்ல முடியாது. பழனியின் ராசி அப்படி. சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைத் தென்னாட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார் அகத்தியர். இடும்பன் அவற்றைக் காவடியாகக் கட்டித் தூக்கினான். இன்றைக்கென்றால் விடுவார்களா? உருப்படி இரண்டு, சரி. ஆனால் சுமை ஏற்றுகிறவர்களின் முதுகெலும்பு கருதி ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. மலையைப் பிரித்துக் கட்டச் சொல்வார்கள். காவடித் தண்டு நீளம். அதற்குத் தனிக் கவுன்டர். கயிறாகக் கட்டியது பாம்பு. உயிருள்ள பிராணி, அதற்கு வேறு காகிதம். அகத்தியர் மட்டும் தப்பிவிடுவாரா? கமண்டலத்தில் 100 மில்லிக்கு மேல் தண்ணீர். கொட்டிவிட்டு வா என்பார்கள். கொட்டினால் காவிரி! ஆனால் சோதிக்க அவர் அங்கே இருந்தால்தானே. கும்பலுக்கு ஓர் அகத்தியர் உண்டு. சுமையை நம் தலையில் கட்டிவிட்டுப் பாஸ்போர்ட் பையோடு முன்னால் போய்க் காபி குடிப்பார். எங்கள் அகத்தியர் பெரிய மாமா. இடும்பன் செய்த ஒரே பிசகு, ஆவினன்குடியில் கொஞ்சம் இறக்கிவைத்தது. மறுபடி தூக்க வரவில்லை. மேலே ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டு, இது என் மலை என்றான். உலகின் முதல் சுங்க அதிகாரி. மலை அங்கேயே தங்கிப்போய், இன்றுவரை ஜனம் 693 படி ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு கூடுதல் லக்கேஜுக்கு இவ்வளவு!

எங்கே விட்டேன்? பஞ்சாமிர்தம். பெட்டியில் அடங்காத டப்பாக்கள் கைப்பைக்கு மாறின. பாதுகாப்புச் சோதனையில், கூழாக இருப்பதும் திரவக் கணக்குத்தான் என்றார்கள். “கவுத்திப் பாருங்க, ஒரு சொட்டு விழுகாது, இதுல தண்ணியே ஊத்தறதில்லீங்க” என்று அத்தை வாதாடினார். அத்தை சொன்னது முழு உண்மை. வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய்தான். சபரிமலைக்காரர்களுக்கு 2024 அக்டோபரில் தேங்காயைக் கையோடு கொண்டுபோக விட்டார்களே, முருகன் என்ன மட்டமா என்று சித்தப்பா கிளப்பினார். அது 2025 ஜனவரி வரைதான் என்று சொன்ன ஒரே ஆள் நான். விளைவாக வீட்டு மாப்பிள்ளை எதிர்க்கட்சியானேன். கடைசியில் அங்கேயே மூடியைத் திறந்து ஆளுக்கொரு கை வழித்துத் தின்றோம். எனக்குச் சர்க்கரை வியாதி. அதை யார் கேட்டார்கள்?

சிங்கப்பூருக்கு வருகிறேன். நல்ல ஊர். முஸ்தபாவில் டஜன் டஜனாகக் கோடாலித் தைலம் வாங்கினார்கள். தைலம் கொண்டுபோன கும்பல் தைலமே வாங்கி வந்தது. கொடைக்கானல் பாட்டிலை அங்கே யாருக்கும் கொடுக்க மறந்துபோய், அதுவும் என் பெட்டியில் திரும்பி வந்தது, மூடி கழன்று. சட்டைகளை மூன்று தரம் துவைத்தாகிவிட்டது. நேற்று ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறார், “ஜலதோஷம் இன்னும் விடலையா சார்?”